முதல் குரல்

சென்ற மாதம் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணியாகியும் கல்வராயன் மலையின் குளிர் விட்டபாடில்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு வாலிபன் கைபேசியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டுமில்லை, பேச்சுமில்லை, தாளத்தின் மேல் சொற்கள் ஓடின. ஹிப்-ஹாப் என்றான். பாடியது அவனேதான். ஆறு பாட்டுகள் கொண்ட முதல் தொகுப்பு; ஊரிலே நாலு பேர்கூடக் கேட்கவில்லையாம்.

"பரவாயில்லை சார். நாளைக்கு நான் பெரிய ஆளானால் எல்லோரும் இதைத் தேடிக் கேட்பார்கள், இல்லையா?"

அவன் சொன்னதற்குச் சாட்சி உண்டு. மலேசியத் தமிழரான யோகி பி, 2006-இல் நட்சத்திரா குழுவுடன் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பால்தான் நம்மில் பலருக்கு அறிமுகமானார். 1998-லேயே அவர் இருந்த பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பு வந்துவிட்டது. ஏ. ஆர். ரஹ்மான் கதையும் இதுதான். 1992-இல் 'ரோஜா' வருமுன்பே, மால்குடி சுபா பாடிய 'செட் மீ ஃப்ரீ' என்ற ஆங்கிலத் தொகுப்புக்கு அவர் இசையமைத்திருந்தார். வந்தபோது சீந்துவாரில்லை. புகழ் வந்த பிறகு தேடினார்கள்.

அந்த ஒலிநாடாவில் ஒரு சுரமாவது மாறியிருந்ததா? மாறியது நம் காது. அப்படியானால் நாம் திரும்பிப் போய்க் கேட்டது பாட்டையா, புகழையா? பிள்ளை கலெக்டரான பிறகு, "தொட்டிலிலேயே தெரிந்தது" என்று சொல்லும் அத்தையின் ஞானம்தானே இது!

தேடியது வீண் என்று சொல்ல மாட்டேன். புகழாவது கைபிடித்து அழைத்து வராவிட்டால் எத்தனையோ நல்ல பாட்டுகள் பரணிலேயே மக்கிப் போகும். ஆனால் அதை நியாயம் என்று எண்ணித் திருப்தி கொள்ளக் கூடாது. அது ஜெயித்தவனுக்குக் கிடைக்கும் இரண்டாவது பரிசு. முதல் தொகுப்போடு நின்றுபோனவர்களைத் தேடி யார் போகிறார்கள்? அவர்களும் அதே ஆசையோடுதான் பாடினார்கள். முதல் நாவலோடு பேனாவை மூடிவிட்ட நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்கள் புத்தகத்தை நான் இரண்டாம் முறை கையில் எடுத்ததில்லை.

ஒரு படைப்பை மெய்யாகவே திரும்பிப் பார்ப்பதென்றால், படைத்தவர் பின்னால் யாரானார் என்பதை மறந்துவிட வேண்டும்.

"ஆகாவிட்டால்?" என்று அந்த வாலிபனிடம் கேட்க எனக்கு நா எழவில்லை.

"இப்போதே போடு தம்பி, கேட்கலாம்" என்றேன்.

பஸ் வந்தது, போயிற்று. ஆறையும் கேட்டேன். மூன்றாவது பாட்டு நன்றாகவே இருந்தது.