மலையைத் தின்ற ஊர்

மாக்னிட்டோகோர்ஸ்க்கைப் பார்ப்பதற்காக யாரும் ரஷ்யாவுக்குப் போவதில்லை. மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், கொஞ்சம் துணிந்தவர்கள் என்றால் சைபீரிய ரயில், அவ்வளவுதான். யூரல் மலைத்தொடரின் தெற்கில் புகை கக்கிக்கொண்டிருக்கும் இந்த எஃகு நகரம் யாருடைய பட்டியலிலும் வராது. எனக்கு அந்த ஊர் மேல் ஒரு பித்து உண்டு என்று சொன்னால் நண்பர்கள், “அங்க போயி என்னத்தப் பாக்கப் போற, புகைக்கூண்டையா?” என்கிறார்கள். நானும் அங்கே போனதில்லை. நூல்கள், பழைய படங்கள், வரைபடங்கள் வழியாகத்தான் தெரியும். ஆனால் நான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியாளன். புகைக்கூண்டைப் பார்த்தால் அதன் அடியில் ஷிப்ட் வேலையில் நிற்பவர்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருவார்கள்.

1929-இல் அந்தப் புல்வெளிக்கு ரயில் வந்தது. அங்கே இருந்தது மக்னித்னயா என்ற இரும்புத்தாது மலை. திசைகாட்டியின் முள்ளே தடுமாறும் அளவுக்குத் தாது என்பார்கள். ஸ்டாலினின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் அந்த மலையடிவாரத்தில் உலகின் மிகப் பெரிய எஃகு ஆலைகளில் ஒன்றைக் கட்ட முடிவெடுத்தது. மாதிரி, அமெரிக்காவின் கேரி நகரத்து ஆலை. வடிவமைப்புக்கு கிளீவ்லாந்திலிருந்து மெக்கீ நிறுவனம் அழைக்கப்பட்டது. நகரத்தை வரைய 1930-இல் ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஏர்ன்ஸ்ட் மை வந்தார். ஆலை ஒரு கோடு, வீடுகள் அதற்கு இணையாக இன்னொரு கோடு, நடுவில் மரங்கள். காகிதத்தில் பார்த்தால் இன்றும் ஆசையாக இருக்கும். ஆனால் அவர் வருவதற்குள் ஆலைக்கான இடம் முடிவாகி வேலையும் ஆரம்பித்துவிட்டது. திட்டம் நிலத்தில் உட்காரவில்லை. மக்கள் கூடாரத்திலும், மண்ணைத் தோண்டிய குழி வீட்டிலும், மரக் கொட்டகையிலும் வாழ்ந்தார்கள். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கும்.

வந்தவர்களில் இரண்டு வகை. புதிய உலகம் கட்டப் போகிறோம் என்று தாங்களாகவே வந்த இளைஞர்கள் ஒரு வகை. அமெரிக்காவிலிருந்து 1932-இல் வந்து வெல்டராக வேலை செய்த ஜான் ஸ்காட் அவர்களில் ஒருவர்; பிறகு அந்த ஆண்டுகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்னொரு வகை, ‘குலாக்’ என்று முத்திரை குத்தப்பட்டு, நிலம் பறிக்கப்பட்டு, குடும்பத்தோடு ரயிலில் ஏற்றி இறக்கப்பட்ட விவசாயிகள். பல்லாயிரம் பேர். முதல் குளிர்காலங்களில் அவர்களுடைய குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோதுதான், 1932 பிப்ரவரி 1 அன்று, முதல் ஊதுலை இரும்பைத் தந்தது.

என் கேள்வி இதுதான். இப்படிக் கட்டப்பட்ட ஒன்றை வியக்கலாமா? அந்த ஊதுலையின் படத்தைப் பார்த்து எனக்குச் சிலிர்க்கிறது என்றால், அந்தச் சிலிர்ப்பில் ஏதாவது அயோக்கியத்தனம் இருக்கிறதா?

இதற்கு எளிதான பதில் ஒன்று உண்டு: ‘கடைசியில் பயன்பட்டதே!’ உண்மையில் பயன்பட்டது. 1941-இல் ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்தபோது கவசத் தகடு உருட்டும் ஆலை அங்கே இல்லை. துணைத் தலைமை மெக்கானிக் நிக்கொலாய் ரிஷென்கோ, வார்ப்புக் கட்டிகளை உருட்டும் புளூமிங் எந்திரத்திலேயே தகட்டை உருட்டலாம் என்றார். அந்த எந்திரம் அதற்கானதே இல்லை. ஜூலை மாதமே உருட்டிக் காட்டினார்கள். சோவியத்தின் இரண்டு டாங்கிகளில் ஒன்று மாக்னிட்டோகோர்ஸ்க் எஃகால் ஆனது என்பது அந்த ஊரின் பெருமைப் பேச்சு. யூரல் ஆற்றங்கரையில் 1979-இல் வைத்த சிலையில் ஒரு தொழிலாளி போர்வீரனிடம் வாளைக் கொடுக்கிறான். அந்த வாள்தான் வோல்கோகிராதில் தாயின் கையில் உயர்கிறது, பெர்லினில் வீரனின் கையில் தாழ்கிறது என்று மூன்று சிலைகளையும் சேர்த்துச் சொல்வார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ரிஷென்கோ கதையைப் படித்தபோது ஒரு பொறியாளனாக எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. ஆனாலும் இந்தப் பதில் தவறு. 1931-இல் ஒரு விவசாயியின் வீட்டைப் பறித்தவனுக்கு 1941 தெரியாது. பின்னால் கிடைத்த வெற்றியை எடுத்து முன்னால் செய்த கொடுமையின் கணக்கில் வரவு வைக்க முடியாது. பட்டவன் ஒருவன், பயன் பெற்றவன் வேறொருவன்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எளிய பதில் இருக்கிறது: ‘ரத்தத்தில் கட்டிய ஊர், அதை ரசிக்காதே.’ கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே செங்கல் அடுக்கியவனின் கைத்திறனையும் இது ஸ்டாலினுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவனிடமிருந்து நிலத்தை அரசு பறித்தது. மிச்சமிருந்த வேலையை நாம் பறிக்கிறோம்.

இரண்டு பதிலையும் தடுமாற வைப்பவர் கவிஞர் போரிஸ் ருச்யோவ். 1930-இல் 17 வயதில் கட்டுமான வேலைக்கு வந்தவர். கூடாரத்தில் தூங்கி, அங்கேயே கவிதை எழுதி, பெயர் வாங்கினார். 1937-இல் கைது. 10 ஆண்டு கோலிமா முகாம். வெளியே வந்த பிறகும் பெரிய நகரங்களில் வாழத் தடை. குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்ட பின், 1957-இல் அவர் மாக்னிட்டோகோர்ஸ்க்குக்கே திரும்பினார். திரும்பி வந்தும் அந்த ஆரம்ப நாள்களைப் பற்றியே எழுதினார். 1973-இல் அங்கேயே இறந்தார். 1966-இல் திறக்கப்பட்ட ‘முதல் கூடாரம்’ என்ற கல் நினைவுச் சின்னத்தில் அவருடைய வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அவர் திரும்பியதை அரசுக்கு அவர் தந்த மன்னிப்பாக வாசிக்க நமக்கு உரிமை இல்லை. நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: தன்னை நசுக்கிய அதிகாரம் வேறு, தன் கை பட்ட ஊர் வேறு என்று ஒரு மனிதன் பிரித்துப் பார்க்க முடியும். ஊரை அதிகாரத்துக்கு விட்டுக்கொடுக்காமல் இருக்க முடியும்.

எங்கள் வேலையில் ‘ஆஸ்-பில்ட்’ வரைபடம் என்று ஒன்று உண்டு. முதலில் திட்டமிட்டது ஒரு வரைபடம். கட்டி முடித்த பிறகு, எந்தக் குழாய் எங்கே விலகியது, எந்தத் தூண் எங்கே நகர்ந்தது என்று உள்ளபடியே வரைவது இன்னொன்று. பிற்காலத்தில் பழுது பார்க்க வருகிறவனுக்கு உதவுவது இரண்டாவதுதான். அதில் பொய் சொன்னால் யாராவது ஒருவன் உயிரோடிருக்கும் குழாயை வெட்டிவிடுவான்.

ஒரு நகரத்தை நேசிப்பதும் அந்த இரண்டாவது வரைபடத்தைக் கையில் வைத்திருப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. மாக்னிட்டோகோர்ஸ்க்கின் அந்த வரைபடத்தில் ஏர்ன்ஸ்ட் மையின் மரங்கள் இருக்காது. குலாக் குழந்தைகளின் கல்லறை இருக்கும். புளூமிங் எந்திரம் இருக்கும். உயரமாக நின்ற மலை இருந்த இடத்தில் வெட்டியெடுத்த குழி இருக்கும்; எந்த மலைக்காக ஊர் வந்ததோ அதைத் தின்று முடித்துவிட்டு, இன்று வெளியிலிருந்து தாது வாங்குகிறது. ரஷ்யாவின் மிக மாசுபட்ட காற்றுள்ள நகரங்களில் ஒன்று என்ற பெயரும் இருக்கும்.

கறுப்பு வெள்ளையில் புகைக்கூண்டைப் படமெடுத்து ‘என்ன ஒரு சோகம்!’ என்று பகிர்வது சுலபம். அந்தப் படத்தில் ஆள் இருக்க மாட்டான். அங்கே இன்று சுமார் 4 லட்சம் பேர் வாழ்கிறார்கள். நடுவில் ஓடும் யூரல் ஆறு ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிறது. வலக்கரையில் வீடு, இடக்கரையில் ஆலை. காலையில் டிராம் ஏறிப் பாலம் கடந்து கண்டம் மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சாதாரண விஷயம். அவர்களுடைய நுரையீரலைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த ஊர் மேல் மிஞ்சுகிற வியப்பு எதுவோ, அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எனக்கு நிறையவே மிஞ்சுகிறது.