எய்யப்படாத அம்பின் வினை

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினாலும் வினை விளைகிறது என்று நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் மனத்தினால் மட்டும் செய்யப்பட்டு, கையினால் ஒருபோதும் நிறைவேறாமலே போன ஹிம்சை, அதைச் சங்கற்பித்தவர்களைப் பற்றுவது போலவே அவர்கள் வாழ்ந்த இடத்தையும் பற்றுமோ என்ற ஐயம், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே, கோல்டன் கேட் நீரிணையை அடுத்த குன்றுகளிடையே கிடக்கும் பாரி கோட்டையைப் பற்றி எண்ணுந்தோறும் என்னுள் எழுகிறது.

அக்கோட்டை பகைவனுக்காகக் காத்திருந்தே முதுமை அடைந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டு அங்குல வாயுடைய பீரங்கிகள் அங்கே கடலை நோக்கி நின்றன; 1950-களில் அணுகுண்டையும் ஏந்திச் செல்லவல்ல நைக் ஏவுகணைகள் வந்து, 1974 வரையில் வானத்தை நோக்கிக் காத்திருந்தன. பகைவன் வரவில்லை, அவன்மீது ஒரு குண்டும் பாயவில்லை. நகரத்து மக்களைக் காப்பதற்காகவே அவை நின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆணை பிறந்த கணத்தில் எண்ணற்ற உயிர்களை நீறாக்குவதற்கு நாள்தோறும் கையும் மனமும் பழகிய அப்பழக்கத்தைச் சங்கற்பம் என்றல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

1982-இல் அங்கே ஹெட்லாண்ட்ஸ் கலை மையம் தோன்றியது. கலைஞர் பலர் சில காலம் அங்கேயே தங்கி, அவ்விடத்தோடு உறவாடிப் படைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1907-இல் கட்டிய படைவீட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்ற டேவிட் அயர்லாந்து என்னும் சிற்பி, வேறு எவரும் செய்திருக்கக்கூடியவாறு வெள்ளை பூசி மறைத்துவிடாமல், துணைவர்களோடு கூடி, ராணுவம் அடுக்கடுக்காகப் பூசியிருந்த வர்ணங்களையெல்லாம் சுரண்டி எடுத்து, அடியிலிருந்து வெளிப்பட்ட கறைகளையும் வெடிப்புகளையும் ஒட்டுப்போட்ட சாந்தையும் அப்படியே விட்டு, அவற்றின்மீது நிறமற்ற மெருகு மட்டும் பூசினார். தூய்மை செய்தல் என்பதை மூடி மறைத்தலாகவே கொண்டுவிட்ட நமக்கு இச்செயல் விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கோ, செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே பிராயச்சித்தத்தின் முதல் அங்கமாதலால், அதற்கு மிக நெருங்கிய காரியமாகவே இது தோன்றுகிறது. 1989-இல் ஆன் ஹாமில்டன் என்னும் கலைஞர் அங்கிருந்த வீரர்களின் உணவுக்கூடத்தைக் கலைப்படைப்பாகவே மாற்றியமைத்தார். அங்கே தங்கும் கலைஞர் இன்றும் அதில் ஒருங்கே அமர்ந்து உண்கின்றனர்.

எனினும், சுரண்டுதலுக்கு ஓர் எல்லை உண்டு. நடந்த கால்கள் தரையிலும், சாய்ந்த தோள்கள் சுவரிலும் விட்டுச் சென்ற தடங்கள் காயத்தினால் ஆனவை. கருவி கொண்டு அவற்றைக் காட்டிவிடலாம். மனத்தினால் ஆனது எந்தச் சுவரில் படிந்திருக்கிறது? ஆகவே, அது இடத்தைப் பற்றுவதில்லை என்றும், பின்வந்து அவ்விடத்தை ஏற்றுக்கொள்வோரின் சித்தத்தையே நாடி நிற்கிறது என்றும் நான் நம்புகிறேன். அருகிலேயே ஏவுகணைத் தளம் ஒன்று பழைய நிலையிலேயே காட்சிப்பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. படைவீட்டில் குடியேறும் கலைஞர் ஒவ்வொருவரும் முதலில் அங்கே சென்று, பாதாள அறையிலிருந்து ஏவுகணையை உயர்த்தும் யந்திரத்தின் முன் நின்று, அதை இயக்கக் காத்திருந்தவனின் மனத்தைத் தம் மனத்தில் ஏற்றுப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டுமென்று விரும்புகிறேன்.