பணிவு என்னும் அகத்தவம்



ஆலய விழாக்களிலும் திருமண இல்லங்களிலும் நம்மைச் சந்திக்கும் பெற்றோர் பலர் ஒரே குறையைக் கூறக் கேட்கிறோம். நேற்றுவரை சொன்ன சொல் தட்டாத பிள்ளை, பதினான்கு பதினைந்து வயது ஆனதும் எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்கிறது. பெரியோர் வந்தால் எழுந்து நிற்பதில்லை. கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதில்லை. ஜினாலயத்திற்கு வா என்றால், "எதற்கு?" என்று கேட்கிறது. "எங்கள் காலத்தில் இப்படியா இருந்தோம்?" என்று பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர்.

இந்தப் பெருமூச்சை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. நம் சமுதாயம் சிறியது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, கல்வியும் பணியும் கருதிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் பெயர்ந்துவிட்டன. ஊரில் பாட்டனாரும் பாட்டியாரும், ஆலயமும், அண்டை வீட்டாரும் சேர்ந்து பிள்ளைக்கு ஊட்டிய அறத்தை, இன்று நகரத்து அடுக்குமாடி வீட்டில் தாயும் தந்தையும் மட்டுமே ஊட்ட வேண்டியுள்ளது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை மனம் கசந்து விலகுமாயின், பெற்றோர் ஒரு மகனையோ மகளையோ இழப்பதோடு அது நிற்பதில்லை. வழிவழியாகக் காத்துவந்த அறநெறியும் ஓர் உரிமையாளரை இழக்கிறது. ஆதலால், பணிவு என்றால் என்ன, அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது எவ்வாறு என்பதை நம் ஆகமத்தின் ஒளியில் சற்றே சிந்திப்போம்.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் தவத்தைப் புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு எனப் பன்னிரண்டாக வகுக்கிறது. உண்ணாநோன்பு முதலியவை புறத்தவம். பிராயச்சித்தம், வினயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்பவை அகத்தவம். இவற்றுள் இரண்டாவதாக நிற்கும் வினயமே நாம் பணிவு என்று கூறுவது.

பணிவை ஆசாரியர்கள் வெறும் நாகரிகமாகவோ உலக வழக்காகவோ வைக்கவில்லை. தவத்துள் வைத்தார்கள், அதிலும் அகத்தவத்துள் வைத்தார்கள். இதன் கருத்து யாது? ஒருவனை அறையில் பூட்டி உணவிடாமல் விட்டால் அவன் பட்டினி கிடப்பான்; ஆனால் நோன்பு நோற்றவன் ஆகமாட்டான். நோன்பு அவன் உள்ளத்தில் தானே ஏற்றால் மட்டுமே நோன்பாகும். அவ்வாறே, அதட்டி வணங்கச் செய்தால் பிள்ளையின் தலை குனியும், பணிவு பிறவாது. தவத்தைப் பிறர்மேல் சுமத்த இயலாது. அதனை நோற்பாரைக் கண்டு, அதன் நன்மையை உணர்ந்து, தானே விரும்பி ஏற்க வேண்டும். பிள்ளைக்குப் பணிவு கற்பிக்க விரும்பும் பெற்றோர் முதலில் தெளிய வேண்டிய உண்மை இதுவே.

அதே சூத்திர நூல் வினயத்தை நான்காகப் பகுக்கிறது: ஞான வினயம், தரிசன வினயம், சாரித்திர வினயம், உபசார வினயம். பெரியோரைக் கண்டதும் எழுதல், எதிர்கொள்ளல், கைகூப்புதல் முதலியன உபசார வினயம். நம் பெற்றோர் குறைப்படுவதெல்லாம் இந்த நான்காவது ஒன்றைப் பற்றியே. ஆனால், ஆகமம் அதனை இறுதியில் அன்றோ வைத்துள்ளது! முன்னுள்ள மூன்றும் நம் இல்லங்களில் எந்நிலையில் உள்ளன என்று பார்ப்போம்.

முதலாவது ஞான வினயம், அறிவைப் போற்றுதல். பிள்ளை "எதற்கு?" என்று கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்காதே" என்று வாயடைத்து விடுகிறோம். ஆனால், நம் மகாபுராணம் எவ்வாறு அமைந்துள்ளது? சிரேணிக மகாராஜன் வினவுகின்றான். கௌதம கணதரர் விடை பகர்கின்றார். கேள்வி எழாதிருந்தால் புராணமே எழுந்திராது. சமவசரணத்தில் மதிக்கப்பெற்ற கேள்வி நம் கூடத்தில் மட்டும் அவமதிப்பாகிவிடுமா? இரவில் உண்ணலாகாது என்று பிள்ளையிடம் கூறுகிறோம். ஏன் என்று கேட்டால், "நம் வழக்கம்" என்று முடித்துவிடுகிறோம். கதிரவன் மறைந்தபின் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் உணவில் வீழ்ந்து மடியும், அவற்றின்பால் கொண்ட கருணையே இந்நோன்பு என்று பொறுமையோடு விளக்கியிருந்தால், அப்பிள்ளை கல்லூரி விடுதியில் தனித்திருக்கும்போதும் அச்சொல் உடன் சென்றிருக்கும். காரணம் அறியாது ஏற்ற கட்டுப்பாடு, காவலர் அகன்றதும் தானும் அகன்றுவிடும்.

இரண்டாவது தரிசன வினயம், நற்காட்சியைப் போற்றுதல். தேர்வு நெருங்கும்போது மட்டும் பிள்ளையை ஆலயத்திற்கு அழைத்துச் சென்று மதிப்பெண் வேண்டி நிற்போமாயின், அருகப் பெருமானைப் பற்றி அப்பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? விருப்பு வெறுப்பு அற்ற இறைவன் கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை. அவன் குணங்களை நாமும் அடையவே வணங்குகிறோம் என்னும் அடிப்படை உண்மை நம் செயலில் தெரிய வேண்டாவா?

மூன்றாவது சாரித்திர வினயம், ஒழுக்கத்தைப் போற்றுதல். கடன் கேட்டு ஒருவர் அழைக்கும்போது, "அப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனக் கைப்பேசியை மகனிடம் நீட்டும் தந்தை, அன்று அவனுக்குப் பொய்யோடு இன்னொன்றையும் கற்பித்துவிடுகிறார்: தந்தையின் சொல் மதிக்கத்தக்கதன்று என்பதையும்! மாமியாரிடம் தாய் எவ்வாறு பேசுகிறாள், மனைவியிடம் தந்தை எவ்வாறு பேசுகிறார், வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் இருவரும் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்டு வளர்கின்றனர். இம்மூன்று வினயமும் விளங்கும் இல்லத்தில் நான்காவதாகிய உபசார வினயத்தைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

இனி, கண்டிப்பைப் பற்றி ஒரு சொல். கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து குற்றங்களை அந்நூலின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கமாட்டாத சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றை மாட்டுக்கும் குதிரைக்கும் உரியனவாகவே நாம் படித்துக் கடந்து விடுகிறோம். எறும்புக்கு இரங்கி அடி வைக்கும் நாம், தண்ணீரை வடிகட்டிப் பருகும் நாம், ஐம்பொறியும் மனமும் உடைய நம் பிள்ளைக்கு இவ்வைந்தையும் செய்யலாமா? "குறைந்த மதிப்பெண் வாங்கினாய், உனக்கு இன்று சோறு இல்லை" என்பது உணவு தடுத்தல். பள்ளி முடிந்ததும் தனிப்பயிற்சி, அதன்பின் நுழைவுத் தேர்வுப் பயிற்சி, அதற்கும் மேலே உறவினர் மகனோடு ஓயாத ஒப்பீடு. இது தாங்கமாட்டாத சுமை. "நீ உருப்படமாட்டாய்" என்பதோ, கருவி இன்றியே அறுக்கும் அறுப்பு. இக்குற்றங்களைச் செய்துகொண்டே பிள்ளையிடம் பணிவை எதிர்பார்ப்பது, உவர்நிலத்தில் நெல் விதைத்துக் காத்திருப்பதை ஒக்கும்.

அப்படியாயின் பிள்ளையைத் தடுக்கவே கூடாதா? தடுக்க வேண்டும். சீவக சிந்தாமணியில் அச்சணந்தி ஆசிரியர் காட்டும் வழியை நோக்குவோம். சீவகனின் தந்தையாகிய சச்சந்தனை வஞ்சித்துக் கொன்றவன் கட்டியங்காரன். இவ்வரலாற்றை ஆசிரியர் வாயிலாகக் கேட்டறிந்த இளைஞன் சீவகன் சினம் பொங்கி எழுகின்றான். அவன் சினம் நியாயமற்றது என்று ஆசிரியர் பழிக்கவில்லை. ஓர் ஆண்டு பொறுத்திருக்குமாறு வேண்டி, அவன் வாக்கைப் பெறுகின்றார். வீரனாகிய சீவகனும் அதற்கு இசைகின்றான். ஏன் இசைந்தான்? அவனுக்குக் கலைகள் அனைத்தையும் கற்பித்தவர் அவர். தன் நலனே கருதுபவர் என்பதை அவன் முன்பே அறிந்திருந்தான். ஆண்டுக்கணக்கில் அன்பு செலுத்தியவர் விதிக்கும் தடையைத்தான் இளைஞர் உள்ளம் ஏற்கும். மேலும், அவர் விதித்த தடை ஒன்றே ஒன்று. அதற்கும் ஒரு கால எல்லை இருந்தது. நாளொன்றுக்கு நூறு தடை விதிக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

எல்லா முயற்சியும் செய்த பின்னரும் பிள்ளை வழி விலகிச் செல்லுமாயின்? அப்பெற்றோருக்காகவே மரீசியின் வரலாறு நம் புராணத்தில் உள்ளது எனலாம். மரீசி யார்? விருஷப தேவரின் பேரன். பரத சக்கரவர்த்தியின் மகன். அதைவிட உயர்ந்த குடும்பம் உலகில் உண்டோ? பகவான் துறவு பூண்டபோது, அவர்மேல் கொண்ட பற்றினால் நாலாயிரம் அரசர் உடன் துறந்தனர். மரீசியும் அவர்களுள் ஒருவன். பகவான் மௌனமாகத் தியானத்தில் நின்றார். உடன் சென்றோர் பசியும் தாகமும் பொறாமல் நெறி தவறினர். பின்னாளில் பகவான் கேவலஞானம் எய்தியபோது பலர் திரும்பி வந்தனர். மரீசி வரவில்லை. தன் பாட்டனாரின் நெறிக்கு மாறான கொள்கையையே பரப்பினான். அதன் பயனாக எண்ணிறந்த பிறவிகளில் உழன்று, இறுதியில் ஒரு காட்டில் சிங்கமாகப் பிறந்தான்.

ஒருநாள் அச்சிங்கம் மானொன்றைக் கொன்று தின்றுகொண்டிருந்தது. வான்வழியே சென்ற சாரண முனிவர் இருவர் அதனைக் கண்டனர். அவர்கள் அதற்கு அஞ்சி அகலவில்லை. கொடிய விலங்கென்று இகழவும் இல்லை. இரங்கி நிலத்தில் இறங்கினர். அதன் முற்பிறவிகளை எடுத்துரைத்து, அது யாராக இருந்தது, இனி யாராக ஆகப் போகிறது என்பதை உணர்த்தினர். சிங்கம் தன் பழம்பிறப்பை உணர்ந்து கண்ணீர் விட்டது, நற்காட்சி பெற்றது, விரதம் ஏற்றது, ஊன் உணவைத் துறந்தது. அவ்வுயிரே படிப்படியாக உயர்ந்து வர்த்தமான மகாவீரராக அவதரித்தது. நம் இருபத்து நான்காம் தீர்த்தங்கரர், ஒரு காலத்தில் வழி விலகிய பேரப்பிள்ளையாக இருந்தவரே!

முனிவர்கள் அச்சிங்கத்தின் வாயிலிருந்த ஊனை மட்டும் பார்த்திருந்தால் அன்று அறவுரை நிகழ்ந்திராது. அவர்கள் அதனுள் இருந்த ஆன்மாவைப் பார்த்தனர். நாமோ, பிள்ளையின் கலைந்த தலைமுடியையும், முகச்சுளிப்பையும், ஒரு நாளைய கடுஞ்சொல்லையும் மட்டுமே பார்த்து, அதுவே அப்பிள்ளை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒவ்வோர் உயிரும் அனந்த ஞானம் உடையது என்று சமயக் கூட்டத்தில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் உயிரை மட்டும் அதிலிருந்து விலக்கி வைக்கலாமா?

சினத்தின் வகையையும் இங்கே நினைவுகொள்வோம். கல்லில் கீறிய கோடு, மண்ணில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நீரில் கீறிய கோடு எனச் சினத்தை நான்கு படியாக ஆசாரியர்கள் உவமித்தனர். இளம் பிள்ளைகளின் சினம் பெரும்பாலும் நீர்க்கோடு. காலையில் கதவை ஓங்கிச் சாத்தியவன், மாலையில் "அம்மா, பசிக்கிறது" என்று வந்து நிற்பான். அப்போதும் காலையில் நிகழ்ந்ததைக் கல்லில் பொறித்து வைத்திருப்பவர் யார் என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம். நாள்தோறும் சிறிது நேரமாவது பிள்ளையோடு அமர்ந்து பேசுக. அரசாண்ட விருஷப தேவரே தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், சுந்தரிக்கு எண்ணையும் அருகிருத்தித் தாமே கற்பித்தார். அவருக்கு இருந்ததைவிடப் பெரிய அலுவல் நமக்கு இல்லை. பிள்ளையைக் கண்டிக்க நேர்ந்தால் தனித்து அழைத்துக் கண்டிக்க. உறவினர் முன்னிலையில் வேண்டா. சொல் இதமாகவும் அளவாகவும் இனிமையாகவும் இருக்கட்டும். நுகர்பொருளுக்கு அளவு வரையறுப்பது சிராவக விரதம் அன்றோ? இரவில் குறித்த நேரத்திற்குப்பின் வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று வரையறை செய்க. அங்கே முதலில் வைக்கப்படுவது தந்தையின் கைப்பேசியாக இருக்கட்டும். விடுமுறையில் பொன்னூர் மலைக்கு அழைத்துச் சென்று, குந்தகுந்தாசாரியரின் திருவடிகளைப் பிள்ளைகளோடு தரிசித்து வருக. படியேறும்போது அறிவுரை கூறாது, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஏறுக.

இவ்விதழைப் படிக்கும் இளம் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை. விடை கேட்கும் பொறுமையையும் உடன் கொள்ளுங்கள். சிரேணிகன் வினவியதும் எழுந்து போய்விடவில்லை, அமர்ந்து கேட்டான். வணங்குவதால் நீங்கள் சிறியவர் ஆவதில்லை. மானஸ்தம்பத்தைக் கண்டு செருக்கு நீங்கிய இந்திரபூதியே, கௌதம கணதரர் ஆனார். உங்கள் பெற்றோரும் குறையுடைய மாந்தரே. உங்களுக்காக அவர்கள் விட்டுக்கொடுத்தவற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தால், அவர்தம் கடுஞ்சொல்லின் பின்னே இருப்பது அச்சமும் அன்பும் என்பது புலனாகும்.

தசலட்சண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமை. இரண்டாம் நாள் உத்தம மார்தவம். பொறுமை முன்னும், பணிவு பின்னுமாக அமைந்த அவ்வரிசையே நமக்கு வழிகாட்டட்டும். பர்வம் நிறைவுற்றபின் எல்லா உயிர்களிடத்தும் மன்னிப்பு வேண்டுகிறோம். ஊரார் அனைவரிடமும் கைகூப்பும் அந்நாளில், நம் வீட்டுப் பிள்ளையிடமும் கைகூப்பி, "இவ்வாண்டில் என் சொல்லால் உன் மனம் புண்பட்டிருப்பின் பொறுத்துக்கொள்" என்று கூறுவோமாக. பெற்றோர் பணியக் கண்ட பிள்ளை, பணிவு இன்னதென்று அறியும்.

நம் இல்லங்கள்தோறும் மும்மணிகள் விளங்குக. இளையோரும் முதியோரும் ஒருவரையொருவர் போற்றி வாழ்க. அறம் வளர்க!