கண்ணுக்குத் தெரியாத வலியும் நமது கடமையும்



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கை ஒடிந்தவரின் கட்டைப் பார்த்து இரங்குகிறோம். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து உருகுகிறோம். ஆனால், கட்டுமின்றிக் காய்ச்சலுமின்றி, "உடம்பெல்லாம் வலிக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில் என்ன? வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார்கள் சிலர். செய்வினை என்று கூறித் தாயத்துக்கு அலைகிறார்கள் வேறு சிலர். இரண்டுமே நோயாளிக்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

இந்நோய்க்கு மருத்துவர்கள் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயரிட்டுள்ளார்கள். மூன்று மாதங்களுக்கு மேலாக உடலின் பல பாகங்களில் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, கவனக்குறைவு, மறதி ஆகியவை இதன் அடையாளங்கள். பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. ஏனெனில் கோளாறு எலும்பிலோ மூட்டிலோ இல்லை. மெல்லிய பேச்சை ஒலிபெருக்கி இரைச்சலாக்குவதைப் போல, மூளையும் தண்டுவடமும் வலியின் செய்தியைப் பன்மடங்கு பெருக்கிவிடுகின்றன. இதனை அடையாளம் காணும் வரையறையை அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 1990-ல் வகுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலும் இது இடம் பெற்றுள்ளது. ஆகவே இது நடிப்பன்று; நோய்தான்.

வலியை வாய்விட்டுச் சொல்வது பொறுமைக்கு மாறு என்று எண்ணுவோரும் உண்டு. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பில், நோயாளி தமக்கு வலிக்கிறது என்று சொல்லலாம் என்பதற்கே ஒரு தலைப்பு வைத்துள்ளார்கள். அதன்கீழ் வரும் செய்தியைக் கேளுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலியால் வருந்தியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது தலையும் வலிப்பதாகவே கூறினார்கள். அந்த வலியைப் பொய்யென்று தள்ளவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. நபி அய்யூப் (அலை) அவர்களும் தமது துன்பத்தைத் தம் இறைவனிடம் எடுத்துரைத்தார்கள். அவர்களைப் பொறுமையாளர் என்றே திருமறை போற்றுகிறது. அப்படியிருக்க, நம் வீட்டுப் பெண்ணின் வாயை அடைக்க நமக்கு என்ன உரிமை?

இனி, வணக்கத்திற்கு வருவோம். மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நின்றால் கடும் வலி ஏற்படும், நோய் கூடும் என்றிருப்பவர் உட்கார்ந்து தொழலாம். ஸஜ்தாவும் செய்ய இயலாதவர், ருகூஉவைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகக் குனிந்து சைகையால் தொழ வேண்டும். நோயாளி ஆரோக்கியத்தில் செய்துவந்த அமல்களின் நன்மை நோயிலும் எழுதப்படும் என்பது நபிமொழி. எனவே உட்கார்ந்து தொழுபவரை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். மார்கழிக் குளிரில் சிறுவாணித் தண்ணீர் விரலைக் கடிக்கும். வெந்நீர் விளாவி ஒளுச் செய்துகொள்ளுங்கள்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நபியவர்களே. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காட்டி, தைராய்டு, முடக்குவாதம் போன்ற வேறு நோய்கள் உண்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்குவது இந்நோய்க்கு அதிகம் பயன்படாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு. டாக்டர் இரவில் சிறு அளவில் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. அதனால் "பைத்திய மாத்திரை" என்று அஞ்சி எறிந்துவிடாதீர்கள். வலியைத் தணிக்கவும் நல்ல தூக்கம் தரவுமே இங்கு அவை கொடுக்கப்படுகின்றன. ரமளானுக்கு முன்பே மருந்து வேளைகளை டாக்டரிடம் கேட்டு ஒழுங்குபடுத்துங்கள். நோன்பு நோயைக் கூட்டுமானால், பிறகு களாச் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது.

ஒரே நாளில் குணமாக்குவோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். இதனை அடியோடு போக்கும் மருந்தை இன்றைய மருத்துவம் கண்டறியவில்லை; ஆயினும் வலியைக் குறைத்து நல்வாழ்வு வாழ வழி உண்டு. அவ்வழிகளில் முதன்மையானது அளவான உடற்பயிற்சி. உக்கடம் பெரியகுளக் கரையிலோ, வீட்டு மாடியிலோ ஐந்து நிமிடம் நடக்கத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். குறைவாயினும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உகந்தது என்ற நபிமொழி இங்கும் வழிகாட்டுகிறது. வலி குறைந்த நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுக்கையில் கிடப்பதைத் தவிருங்கள். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டல்லவா?

கணவன்மார்களே! மாமியார்மார்களே! பகலெல்லாம் பனியன் கம்பெனியில் தைத்துவிட்டு வரும் மருமகள் வலியென்று அமர்ந்தால், அவளைத் தாய்வீட்டிற்கு அனுப்பும் பேச்சை எடுக்காதீர்கள். நபியவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் பங்கெடுப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தருவதும், அம்மியின் முன்னிருந்து அவளை எழுப்பிவிட்டு நாம் அமர்வதும் அந்த ஸுன்னத்தைச் சேர்ந்தவையே. எந்தப் பரிசோதனையிலும் காட்ட முடியாத வலிக்கு நோயாளியின் சொல்லே சாட்சி. அதை நம்புவது அவருக்கு நாம் செய்யும் முதல் மருத்துவம். தவறான சந்தேகம் பாவம் என்பதைத் திருமறை எச்சரிக்கிறது.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு இளகிய நெஞ்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.