வேரைத் தேடுவோர் கிளையை மறக்கலாமா?

நம் கடற்கரை ஊர்களில் அவ்வப்போது ஒரு காட்சியைக் காண்கிறோம். பினாங்கிலிருந்தோ ரங்கூனிலிருந்தோ ஒருவர் வந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருப்பார். தமிழ் அவருக்குச் சரளமாக வராது. கையில் மடிப்புக் கிழிந்த பழைய கடிதம் ஒன்று இருக்கும். தம் பாட்டனாரின் பெயரையும் தெருவின் பெயரையும் சொல்லி, "அந்த வீட்டார் யாரேனும் இருக்கிறார்களா?" என்று கேட்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் சற்றே யோசித்து, வீட்டைக் காட்டி விடுவார்.

அந்த வீட்டில் வந்தவரை வரவேற்கிறார்கள், பசியாறக் கொடுக்கிறார்கள். ஆனால் உள்ளே அடுக்களையில் மெல்லிய குரலில் ஒரு கேள்வி எழுகிறது: "சொத்துக் கேட்டு வந்திருப்பாரோ?"

அதே வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட வமிசாவளி ஒன்று மாட்டியிருப்பதும் உண்டு. யமனிலிருந்தும் ஹிஜாஸிலிருந்தும் வந்த முன்னோரை அது வரிசையாகச் சொல்லும். மேற்கே பல நூற்றாண்டுகள் கடந்து வேரைத் தேடிய வீடு, கிழக்கே இரண்டே தலைமுறைக்கு முன் பிரிந்த கிளை வாசலில் வந்து நிற்கும்போது திகைக்கிறது. இது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

வமிசத்தை அறிவது தவறன்று. ஹஸ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் குறைஷியரின் வமிசாவளியை நுணுக்கமாக அறிந்தவர்கள் என்பது வரலாறு. உறவினரோடு சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய அளவு வமிசத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாகத் திர்மிதீ நூலில் வரும் நபிமொழி கூறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது நோக்கம். அறிவது, சேர்ந்து வாழ்வதற்காக. உயர்ந்தவன் என்று காட்டிக்கொள்வதற்காக அன்று. மனிதர்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்றும், மேன்மை இறையச்சத்தில்தான் என்றும் ஸூரத்துல் ஹுஜுராத் தெளிவுபடுத்துகிறது. அண்ணலாரின் வமிசத் தொடரே அத்னான் வரையில்தான் கருத்து வேற்றுமையின்றி அறியப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, நம் வீட்டுச் சட்டத்தில் ஓர் இடைவெளியும் இல்லாமல் பெயர்கள் நிற்பதை நாம் கொஞ்சம் அடக்கத்தோடு பார்ப்பது நல்லது.

நாடு கடந்த வமிசத்தை எதற்காக நினைக்க வேண்டும் என்பதற்கு நாயகத் திருமேனி அவர்களே ஓர் அழகிய முன்மாதிரி தந்திருக்கிறார்கள். மிஸ்ர் நாடு முஸ்லிம்களின் வசம் வரும் என்று தோழர்களுக்கு முன்னறிவித்தபோது, அந்நாட்டு மக்களிடம் நல்லவிதமாக நடந்துகொள்ளுமாறு உபதேசித்தார்கள். அவர்களோடு நமக்கு உடன்பாட்டுக் கடமையும் இரத்த பந்தமும் உண்டு என்று காரணமும் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. என்ன பந்தம்? நபி இஸ்மாயீல் (அலை) அவர்களின் அன்னை ஹாஜரா அம்மையார் மிஸ்ர் நாட்டவர் என்று அறிஞர் பெருமக்கள் விளக்குகின்றனர்.

எத்தனை தலைமுறைக்கு முந்திய உறவு அது! அதுவும் ஒரு பெண்ணின் வழியாக வந்தது. அந்தப் பெண்ணோ அடிமையாக இருந்தவர். மிஸ்ரு மக்களோ அப்போது வேறு மார்க்கத்தில் இருந்தவர்கள். இவற்றில் எதுவும் அந்த உறவை ரத்துச் செய்யவில்லை. பெருமை பேச அந்த உறவு நினைவுகூரப்படவில்லை. பிறருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையாகவே நினைவுகூரப்பட்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம்மை அளந்து பார்ப்போம். நம் முன்னோர் கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள். பினாங்கில் 1801-ல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826-ல் நிறுவப்பட்ட சூலியா பள்ளிவாசலும் அதற்குச் சாட்சி. போனவர்களில் பலர் அங்கும் மணம் புரிந்தார்கள். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பினாங்கில் ஜாவிப் பெரானக்கான் என்றும், பர்மாவில் ஜெர்பாதிகள் என்றும் அழைக்கப்பட்டார்கள். கப்பல் ஓடிக்கொண்டிருந்த வரையில் கடிதமும் பணமும் போய் வந்தன. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942-ல் லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார்கள். பிறகு 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964-ல் கடைகள் அரசுடைமையானபோது மீண்டும் ஒரு பெருங்கூட்டம் வெறுங்கையோடு திரும்பியது. இந்த இரண்டு அலைகளிலும் எத்தனையோ தந்தையர் இக்கரையிலும் பிள்ளைகள் அக்கரையிலுமாகப் பிரிந்து போனார்கள்.

தந்தை இங்கே மௌத்தானார். இங்கிருந்த வாரிசுகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அக்கரைப் பிள்ளைகளைச் சிலர் அறியவே இல்லை. சிலர் அறிந்தும் வாய் திறக்கவில்லை. நம் வமிசாவளிப் படங்களில் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே இருப்பதால், அக்கரை மனைவியின் பெயரை விடுவதற்கு யாரும் சிரமப்படவும் இல்லை.

ஷரீஅத்தின் நிலை என்ன? பிள்ளைகளை விட்டு ஒருவர் இறந்தால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. நிக்காஹ் செய்த மனைவியர் இருவர் எனில் அந்த எட்டில் ஒன்றை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்வர். பிள்ளைகளுக்கோ, எந்தத் தாய் வயிற்றில் எந்த நாட்டில் பிறந்தார்கள் என்ற பேதமே கிடையாது. ஒரு வாரிசை அறியாமல் பாகம் பிரித்திருந்தால், அறிந்த பிறகு அவருடைய பங்கை ஒப்படைப்பது மற்றவர்களின் கடமை. அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு உண்டு. அறிந்த பின்னும் வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர் சொல்வது? நாட்டுச் சட்டத்தில் வழக்குத் தொடரக் கால வரம்பு உண்டு. மறுமை விசாரணைக்குக் கால வரம்பு இல்லை.

"வந்து நிற்பவரெல்லாம் வாரிசாகிவிடுவாரா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உரிமை கோருபவர் சான்று காட்டத்தான் வேண்டும். பாட்டனார் பெயரையே பேரனுக்கு வைப்பது நம் வழக்கமாதலால், ஒரே பெயரில் ஒரு தெருவில் நால்வர் இருந்திருப்பார்கள். அந்நிய நாட்டுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயரும் உருமாறியிருக்கும். ஆகவே ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், மீஸான் கல், அரபுத் தமிழில் எழுதிய பழைய கடிதங்கள், வயதானவர்களின் நினைவு ஆகியவற்றை ஒப்புநோக்கி, ஆலிம்களிடம் மஸ்அலா கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால் சான்று கேட்பது வேறு, சான்று கிடைத்துவிடக் கூடாதே என்று தப்தரைப் பூட்டி வைப்பது வேறு. முன்னது நீதி, பின்னது அநீதி.

இன்னோர் எல்லையும் உண்டு. உமிழ்நீரைக் கொடுத்து மரபணுச் சோதனை செய்து உறவைத் தேடும் காலம் இது. தொலைந்த உறவைக் கண்டுபிடிக்க அது உதவலாம். ஆனால் நிலைபெற்றுவிட்ட ஒருவரின் வமிசத்தைச் சந்தேகித்துத் தோண்டுவதற்கு அதைப் பயன்படுத்துவது தகாது. 2002-ல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும் நிலைபெற்ற வமிசத்தைச் சரிபார்க்க இச்சோதனையை நாடக் கூடாது என்றே முடிவு செய்தது. உறவைச் சேர்க்கத் தேடலாம். இறந்தவர்களின் குறையைக் கிளறத் தேடக் கூடாது.

சரி, வந்தவருக்குப் பங்கே இல்லை என்று முடிவாகிறது என வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. பாகப் பிரிவினையின்போது பங்கில்லாத உறவினர் வந்திருந்தால் அவர்களுக்கும் ஏதேனும் கொடுத்து இனிய சொல் சொல்லுமாறு ஸூரத்துன் நிஸா போதிக்கிறது. உண்மையில், அப்படி வருகிறவர்களில் பலர் காணி நிலம் கேட்டு வருவதில்லை. பாட்டனாரின் கப்ரைக் காட்டச் சொல்கிறார்கள். அங்கே நின்று ஒரு பாத்திஹா ஓதிவிட்டுப் போக விரும்புகிறார்கள். அதைக் கேட்டு வந்தவரைப் பார்த்து அஞ்சினோம் என்றால், அந்த அச்சம் அவரால் வந்ததா, நம் மனச்சாட்சியால் வந்ததா?

ஸூர் ஊதப்படும் நாளில் வமிச உறவுகள் எதுவும் கைகொடுக்கா என்று திருமறை எச்சரிக்கிறது. அன்று யமனும் ஹிஜாஸும் நமக்காகப் பேச மாட்டா. ஆனால் நாம் கொடுக்க மறுத்த ஹக்கு மட்டும் நம்மைத் தேடி வந்து நிற்கும். கூடத்தில் தொங்கும் அந்தச் சட்டத்தை இறக்கி, விடுபட்ட பெயர்களை எழுதச் சொல்வோம். அக்கரை அன்னையின் பெயரை முதலில் எழுதுவோம். அடுத்த முறை ஒருவர் பழைய கடிதத்தோடு வாசலில் வந்து நின்றால், "வாங்க, இது உங்க வீடு" என்று ஸலாம் சொல்லி அழைப்போம்.

பிரிந்த உறவுகளைச் சேர்த்து வாழவும், பிறர் ஹக்கை இம்மையிலேயே நிறைவேற்றவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.