முருகைக்கல்லை உடைத்தவர் யார்?

சென்ற தவணையில் எமது வகுப்பறையொன்றில் ஒரு சிறு சம்பவம் நிகழ்ந்தது. விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையால் அவருடைய பாடவேளையை நாம் பொறுப்பேற்க நேர்ந்தது. தமிழ் கற்பிப்போருக்கு விஞ்ஞானப் பாடநூலில் என்ன அலுவல் என்று கேட்கலாம். பிள்ளைகளை அமைதியாக வைத்திருப்பதற்காக ஒரு பக்கத்தை வாசித்து விளக்கினோம், அவ்வளவே. அப்பக்கம் முருகைக்கற்பாறை பற்றியது. கடலடியில் கல்லெனத் தோன்றும் அப்பொருள், உண்மையில் அரிசிமணியளவினவான எண்ணற்ற பிராணிகள் தமக்கெனக் கட்டிய சுண்ணாம்புக் கூடுகளின் திரட்சி என்று வாசித்து முடித்ததும், நெடுந்தீவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனொருவன் எழுந்தான்.

"சேர், எங்கட ஊரிலை வேலியெல்லாம் இந்தக் கல்லுத்தான். எங்கட அப்பு அந்தக் காலத்திலை சுண்ணாம்புச் சூளையிலை வேலை செய்தவர். அப்ப அவர் செய்தது கொலையோ?"

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "உங்கள் ஊர் வேலிக் கற்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவற்றின் கூடுகள், உமது அப்பு எவ்வுயிரையும் கொல்லவில்லை" என்று கூறி அவனை இருத்தினோம். நாம் கூறியது பொய்யன்று. ஆயினும் அது தப்பித்துக்கொள்வதற்காகக் கூறப்பட்ட உண்மை என்பதை அன்று மாலையே உணர்ந்தோம். சூளையிற் சுடப்பட்டவை யாவும் நிலத்திற் கிடந்த பழங்கற்கள்தாமா? கடலிலிருந்து அள்ளியவை அவற்றுட் சேரவில்லையா? சேர்ந்திருப்பின் அக்குற்றம் யாரைச் சாரும்? இவ்வினாக்களை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குச் சென்றோர் அவ்வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். சாந்தின்றிக் கல்மேற் கல்லாக அடுக்கப்பட்ட அவற்றை உற்று நோக்கினால் நட்சத்திரம் போன்ற சிறு குழிகளையும் பூவிதழ் போன்ற வரிகளையும் காணலாம். இன்று இடிந்து கிடக்கும் பழைய கோட்டையும் அக்கல்லாலேயே எழுப்பப்பட்டது. தீவானுக்கு அக்கல் முதலில் ஓர் இடையூறு. அதனைப் பொறுக்கி அகற்றினாலன்றி மண்ணிற் பயிரிட முடியாது. அகற்றிய கல்லை எல்லையில் அடுக்கினான். நிலம் துப்புரவாயிற்று, வேலியும் உண்டாயிற்று. இயற்கையோடு மல்லுக்கட்டிய மனித உழைப்பின் சாட்சியாக அவ்வேலிகள் நிற்கின்றன. அவற்றில் அழிவென்று சொல்ல ஏதுமில்லை.

கடலில் தொழில் செய்வோரின் பார்வை வேறு. அவர்களுக்குக் கடலடிப் பாறை 'பார்'. மன்னார்க் குடாவில் முத்துக் குளித்த இடங்களுக்கும் பார் என்றே பெயர். கரையிலுள்ள கோயிற் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் கண்ணளவிற் பொருத்திப் பார்த்து, இன்ன இடத்திற் பார் உண்டு, இன்ன மாதத்தில் இன்ன மீன் அங்கே கூடும் என்று தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தான். பாரினுள் உயிர்ப்பிராணி உண்டென்று அவன் நூலிற் படித்ததில்லை. ஆனால் பார் இல்லையேல் மீன் இல்லை என்பதை அறிந்திருந்தான். கடற்றரையில் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைந்த பரப்பையே முருகைப்பாறைகள் கொண்டுள்ளன என்றும், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஏதோ ஒரு காலத்தில் அவற்றை அண்டி வாழ்கின்றது என்றும் இன்றைய விஞ்ஞானம் கூறுகின்றது. சிங்க இறாலும் கடலட்டையும் தேடி மூழ்குவோருக்கு இது புதிய செய்தியன்று.

கற்றோராகிய நாமோ வேறொன்றைப் போற்றினோம். துகிர் என்றும் பவளம் என்றும் எமது புலவர் பாடியது செம்பவளத்தை. அது இதழுக்கு உவமையாயிற்று; நவமணிகளுள் ஒன்றாயிற்று. அப்பவளமோ பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் விளைந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூசு என்னும் கிரேக்கக் கடல்வணிக நூல், முசிறி முதலிய துறைகளில் இறக்கப்பட்ட சரக்குகளுட் பவளத்தையும் சேர்த்துச் சொல்கின்றது. பிறர் கடலில் விளைந்து விலை கொடுத்து வாங்கப்பட்டது மணியாயிற்று. எமது கரையில் விலையின்றிக் கிடந்தது கல்லாயிற்று. ஒரு பொருள் அழகியதா, புனிதமானதா, உயிருள்ளதா என்பதைக்கூடச் சந்தையே தீர்மானித்து வந்துள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கல்லென்று பெயரிட்டபின் அதனைச் சுடுவதற்கு யாரும் தயங்கவில்லை. மாணவனின் வினாவுக்குரிய உண்மையான களம் நெடுந்தீவன்று. இலங்கையின் தென்மேற்குக் கரை. அம்பலாங்கொடையிலிருந்து திக்வெல்லை வரையான கரையோரத்திலே சுண்ணாம்புச் சூளைகள் நெடுங்காலம் எரிந்தன. முருகைக்கல்லை விறகிட்டுச் சுட்டால் அது காபனீரொட்சைட்டை இழந்து சுட்ட சுண்ணாம்பாகும். நீர் தெளித்தால் நீறும். வீட்டுச் சுவருக்கும், வெற்றிலைத் தட்டுக்கும், அமிலத்தன்மை மிகுந்த வயலுக்கும் அது சென்றது. 1984 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அக்கரையோரச் சூளைகளுக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சென்றது. அதிற் பெரும்பகுதி, அக்குறல போன்ற இடங்களிற் கடலுக்கு அப்பால் நிலத்தடியிற் புதைந்திருந்த பழம்பாறை. எஞ்சியதிற் கரையொதுங்கியதும் இருந்தது. இரும்புப்பாரையோடு மூழ்கிப் பெயர்த்தெடுத்த உயிர்ப்பாறையும் இருந்தது. திரளாக வளரும் முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். ஒரு முழ உயரமுள்ள திரளைப் பெயர்க்க அரை நாழிகை போதும். அது மீண்டும் அவ்வுயரம் வளர ஒரு தலைமுறைக்கு மேற் செல்லும்.

இங்கேதான் முற்போக்காளராகிய எம்மிடையே கருத்து வேற்றுமை எழுகின்றது. தொழிற்சங்க வேலைகளிற் பல்லாண்டு ஈடுபட்ட நண்பரொருவரிடம் இதனைப் பேசியபோது, "முதலில் வயிறு, பிறகு பாறை" என்றார் அவர். பசித்தவனுக்கு அழகுணர்ச்சி போதிப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது அவருடைய வாதம். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆதர் சி. கிளார்க் 1957 இல் எமது கடலின் முருகைப்பாறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அவற்றின் அழகைக் காண அவருக்குக் கண்ணாடி முகமூடி இருந்தது, காற்றுக்கலன் இருந்தது, ஓய்வும் இருந்தது. இரும்புப்பாரையோடு மூழ்கியவனுக்கு இருந்தது ஒரு மூச்சு மட்டுமே. ஒரு மூச்சில் மூழ்குபவன் அழகை நோக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆயினும் நண்பரின் வாதத்தை நாம் ஏற்கவில்லை. யாருடைய வயிறு என்பதை அவர் கேட்கத் தவறிவிட்டார். மூழ்கியவனுக்கும், கரையிற் கல் பொறுக்கிய பெண்ணுக்கும் அன்றாடக் கூலி கிடைத்தது. இலாபம் சூளைக்கும், லொறிக்கும், நகரத்து வியாபாரிக்கும் போயிற்று. பாறை குறைந்தபோது மீன் குறைந்தது. அந்நட்டம் சூளை உரிமையாளனுடையதன்று. பாறை தணிந்தபோது அலை ஓங்கிக் கரையை அரித்தது. அரிப்பில் முதலில் விழுவது அலைவாய்க் கரையிலுள்ள ஓலைக் குடிசையேயன்றி வியாபாரியின் மாடி வீடன்று. உழைப்பாளி தன் கையாலேயே தன் மீனையும் தன் நிலத்தையும் கூலிக்கு விற்றான். வயிற்றின் பெயரால் இதனை நியாயப்படுத்துவோர், அவர்கள் விரும்பாவிடினும், சூளை உரிமையாளனின் வழக்கறிஞராகிவிடுகின்றனர். இலாபம் தேடுவோர் ஏழையின் பசியை முன்னே நிறுத்திக்கொண்டு பேசுவது எமக்குப் புதிதன்று. தோட்டங்களில் இதனைக் கண்டிருக்கின்றோம்.

அரசு என்ன செய்தது? 1981 இற் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. சட்டம் தேவையானதே. ஆனால் சட்டத்தின் கை முதலில் எட்டியது நீரிலிருந்து எழுந்து வந்தவனின் ஈரத் தோளைத்தான். மாற்றுத் தொழிலாக உள்நாட்டிற் பயிர்ச்செய்கைக் காணி கொடுக்கும் முயற்சி நடந்தது. கடலோரத்திற் பிறந்து வளர்ந்தோர் பலர் அங்கே நிலைக்கவில்லை. இதனை அவர்களின் சோம்பலென எழுதியோரும் உளர். கமக்காரனை ஒரே நாளில் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, அவன் கரை திரும்பவில்லையென்று குறைகூறுவதற்கு ஒப்பானது அது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. ஹிக்கடுவையின் பாறைப் பரப்பு 1979 இற் சரணாலயமாகவும் 2002 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனால் அப்பாறையிற் கண்ணாடி அடித்தளப் படகுகள் உரசின, உல்லாசப் பயணிகளின் பாதங்கள் மிதித்தன, கரையோர விடுதிகளின் கழிவுநீர் கலந்தது. கல்லைப் பெயர்த்தவன் குற்றவாளி. கல்லைக் காட்டிப் பணம் பெற்றோர் தொழில்முனைவோர்.

2004 மார்கழி 26 ஆம் நாளைக் குறிப்பிடாமல் இக்கரையைப் பற்றி எழுத முடியாது. பெரேலியவில் நின்றிருந்த புகைவண்டியை ஆழிப்பேரலை புரட்டிப்போட்டது. ஏறத்தாழ 1,700 பேர் அங்கே மாண்டனர் என்பர். பாறை அகழப்பட்டிருந்த பெரேலியவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே புகுந்தது என்றும், சில கிலோமீற்றர் தொலைவிற் பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 அல்லது 3 மீற்றரளவில் நின்று 50 மீற்றரளவே உட்புகுந்தது என்றும் 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. இதனைக் கேட்டதும், கல்லுடைத்தவரே அம்மக்களைக் கொன்றனர் என்று சிலர் தீர்ப்புக் கூறினர். அத்தீர்ப்பை ஏற்க நாம் ஆயத்தமாயில்லை. அதே ஆண்டில் இந்தோனேசியாவின் அச்சேக் கரையில் ஆய்ந்தோர், பாறையின் நிலைக்கும் அழிவுக்கும் அங்கே தொடர்பு காணவில்லை. கடலடியின் அமைப்பு, கரையின் உயரம், அலை பிறந்த இடத்தின் தொலைவு எனக் காரணங்கள் பல. ஆனால் நாள்தோறும் மோதும் அலையைப் பற்றி ஐயமில்லை. பல நாடுகளின் அளவீடுகளைத் தொகுத்த 2014 ஆம் ஆண்டு ஆய்வின்படி, முருகைப்பாறைகள் அலையின் சக்தியிற் சராசரியாக 97 சதவீதத்தைத் தணித்துவிடுகின்றன. எந்த அரசும் கூலி கொடுக்காத காவலாளி அது.

இனி இறுதிக் கேள்வி. 1998 இல் இந்து சமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. முருகைப் பிராணிகள் தம்முள் வாழ்ந்து தமக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைகளிலும் ஆழங்குறைந்த இடங்களின் முருகையிற் பெரும்பகுதி இறந்தது. திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு அம்முறை தப்பியது. அந்த ஆண்டில் அப்பாறைகளைக் கொன்றவன் எந்தக் கரையைச் சேர்ந்தவன்? அவன் கையில் இரும்புப்பாரை இருக்கவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வங் குவித்த நாடுகளின் ஆலைப் புகை, அந்நாடுகளைக் கண்ணாற் காணாத வலைஞனின் பாரைச் சுட்டது. உலகின் வெப்பம் ஒன்றரைப் பாகை உயர்ந்தாற் பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை அழியும் என்றும், இரண்டு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ ஒன்றும் எஞ்சாது என்றும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2018 இல் எச்சரித்தது. 2024 இல் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு பாறையும் இன்று ஒரு சூளைக்குள் இருக்கின்றது. அச்சூளைக்கும் உரிமையாளர் உளர்; கூலிக்காரரும் உளர். விலையில் மட்டும் பழைய கணக்கே: முதலிற் கொடுப்பவர் தீவார்.

இவ்வாறு கூறுவதனால் எம்மை நாம் விடுவித்துக்கொள்ள எண்ணவில்லை. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் எமது வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தோம். அச்சுண்ணாம்பு எந்தக் கடலிலிருந்து வந்ததென்று ஒருமுறையேனும் நாம் கேட்டதில்லை. கடைக்காரனிடம் விலையைத்தான் கேட்டோம்; அதனையும் குறைத்துக் கேட்டோம். மூழ்கியவனின் கூலியைக் குறைத்தவருள் நாமும் அடங்குவோம். கொலையோ என்ற மாணவனின் சொல் கடுமையானதுதான். ஆனால் அதனை அவனுடைய அப்புவின் தலையில் மட்டும் இறக்கி வைப்பதற்கு எமக்கு எவ்வுரிமையும் இல்லை.

விடுமுறை முடிந்து வந்தபோது அம்மாணவன் தம் வேலியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தான். ஆய்வுகூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றை இரவல் வாங்கி இருவரும் பார்த்தோம். உள்ளங்கையளவான ஒரு பக்கத்தில் இருந்த குழிகளை எண்ணத் தொடங்கி, நூற்று நாற்பதைக் கடந்தபின் கணக்குத் தவறிவிட்டான். நாம் தாழ்ந்த குரலில், "தம்பி, அன்றைக்கு நான் உமக்குச் சொன்ன மறுமொழி முழுமையானதல்ல" என்றோம். அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நான் வீட்டிலை அம்மாவைக் கேட்டனான், சேர். சுண்ணாம்பு பட்டு அப்புவின்ரை இரண்டு கையும் வெந்து தழும்பாய்க் கிடந்ததாம். அவரின்ரை வீடு கடைசி மட்டும் மண்சுவர்தான். ஒரு நாளும் வெள்ளையடிக்கேல்லையாம்."