இடம் கிடைத்த பிறகு

சென்ற மாதம் காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தேன். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க வேண்டும் என்று என் மனைவி புறப்பட்டாள். கடை கடையாக ஏறி இறங்குவதைவிட நெய்கிறவர் வீட்டிலேயே பார்ப்பது நல்லது என்று நண்பர் ஒருவர் யோசனை சொல்லி, பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் எங்களைக் கொண்டுபோய் விட்டார்.

வீட்டின் முன்கூடம் முழுவதையும் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தறிக்குழியில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தார். தறியின் ஓரத்தில் அவர் மனைவி உட்கார்ந்து, கரைக்குரிய நாடாவைத் தள்ளித் தந்துகொண்டிருந்தார். சேலையின் உடல் அரக்கு நிறம், கரை பச்சை. இரண்டும் சேரும் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கே ஒட்டினார்கள் என்றே தெரியவில்லையே!" என்றாள் என் மனைவி.

நெசவாளர் சிரித்தார். "ஒட்டவில்லை அம்மா, கோத்திருக்கிறோம். அதனால்தான் இதற்குக் கோர்வை என்று பேர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஒவ்வொரு ஓட்டத்திலும் கரை இழை உடல் இழையைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. பக்கத்தில் இன்னொரு கை வேண்டும்."

"உங்களுக்கு எப்போதும் வீட்டம்மாதான் துணையா?"

"இப்போது அவள். அந்தக் காலத்தில் இந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள்தாம் உட்காரும். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஏழு வயசு. என் தகப்பனார் ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அது கழிகிற வரைக்கும் அவர் வீட்டுத் தறியில் கரை நாடா தள்ளினேன். அது கழியவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போகவும் இல்லை."

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொன்னார். காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி நாம் எவ்வளவோ பெருமையாகப் பேசுகிறோம். அந்தக் கரையைக் கோத்த விரல்கள் எந்த வயதில் எழுத்துப் பழகாமல் போயின என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை. நானும் அன்றுவரை கேட்டதில்லை.

உள்ளே சுவரோரம் ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவருடைய மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாளாம். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

"உதவித்தொகை வருகிறதா அம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தகப்பனார்தான் சொன்னார்: "போன வருஷம் வந்தது. இந்த வருஷம் பாப்பா படிவத்தைக் கொடுக்கவில்லை."

நடந்தது இதுதான். உதவித்தொகையைப் புதுப்பிக்கக் கடைசி நாள். ஆசிரியர் வகுப்புக்கு வந்தார். அறுபது பேர் இருக்கும் வகுப்பு. "உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லாரும் எழுந்திருங்கள்" என்றார். சிலர் எழுந்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, அவர்களுடைய சாதியைக் குறிக்கும் சொல் ஒன்றை மெல்லச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் காதில் அது விழவில்லை. இந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. படிவம் அவள் பையிலேயே இருந்தது. நாள் கடந்துபோயிற்று.

எந்தக் கல்லூரி என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதுதான் இது. அந்த ஆசிரியர் கெட்டவரும் அல்லர். மாலைக்குள் எல்லாப் படிவங்களையும் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும், ஒரு பிள்ளைக்கும் பணம் தவறிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தோடுதான் அவர் வகுப்புக்கு ஓடி வந்திருப்பார். என் மனத்தை உறுத்தியது அதுதான். கெட்டவன் செய்த தீமையை அடையாளம் கண்டுகொள்வது எளிது. உதவ வந்தவனே அறியாமல் செய்துவிட்ட தீமையை என்னவென்று சொல்வது?

படிக்க வந்த ஊரில் அவமானப்படுவது இன்று நேற்று வந்ததன்று. பல்லவர் காலத்தில் காஞ்சியில் கடிகை என்ற பெரிய கல்விச்சாலை இருந்தது. மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன் தன் குருவோடு அங்கே வேதம் படிக்க வந்தான். பல்லவர் படையின் குதிரைவீரன் ஒருவனோடு அவனுக்குச் சச்சரவு நேர்ந்தது. அந்த இழிவைப் பொறுக்காமல் அவன் படிப்பை உதறிவிட்டு வாளை எடுத்தான். கதம்ப அரசை நிறுவினான். கர்நாடகத்தில் உள்ள தாளகுந்தாக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அவமானம் குலம் பார்த்துச் சுடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மயூரசர்மனுக்கு எடுக்க ஒரு வாள் கிடைத்தது. கல்வெட்டில் பெயரும் கிடைத்தது. கல்விச்சாலையின் வாசலைக்கூட நெருங்க முடியாமல் எத்தனையோ நூற்றாண்டுகள் வெளியே நின்றவர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

அவர்களுக்காகக் கணக்குக் கேட்கும் குரல் எழுந்ததும் இதே காஞ்சிபுரத்தில்தான். 1925 நவம்பரில் காங்கிரஸ் மாகாண மாநாடு இங்கே கூடியது. தலைவர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்ற தீர்மானத்தோடு ஈ. வெ. ராமசாமி அவர்கள் வந்தார். தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவர் மாநாட்டை விட்டு வெளியேறினார். அன்றைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தீயவர்கள் அல்லர். முதலில் நாடு விடுதலை பெறட்டும், மனங்கள் மாறட்டும், மற்றவை தாமே வரும் என்று உண்மையாக நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் மனங்கள் மாறும்வரை காத்திருக்கச் சொல்வது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எளிது. வெளியே நிற்பவனுக்குக் கால் வலிக்கும்.

பிறகு கணக்கு வந்தது. சென்னை மாகாணத்து மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்கள் இருந்தால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்தார்கள். செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1950-இல் சென்னை உயர்நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தன. சென்னை மாகாணத்தில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்காகத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டு என்று 15-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் இன்று 69 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளரான என் நண்பர் ஒருவர் இவற்றையெல்லாம் ஏற்பதில்லை. "கல்லூரி அறிவுக்குரிய இடம். அங்கே வந்து பிறப்பைக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பார். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். அவருடைய தகப்பனார் வழக்கறிஞர்; பாட்டனார் பள்ளி ஆசிரியர். அவர் பிறந்தபோதே வீட்டில் இரண்டு அலமாரிப் புத்தகங்கள் இருந்தன. பிறப்பைக் கணக்குப் பார்ப்பது அரசாங்க ஆணையோடு தொடங்கியதாக அவர் நினைக்கிறார். அதற்கு முன்பும் கணக்கு இருந்தது, எழுதாமல் இருந்தது. எழுதாத கணக்கில் அவர் பெயர் எப்போதும் வரவுப் பக்கத்திலேயே இருந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை. ஏழு வயதில் தறியில் உட்கார்ந்தவரின் மகளும் இரண்டு அலமாரிப் புத்தக வீட்டுப் பிள்ளையும் ஒரே மதிப்பெண் வாங்கினால், இருவரும் ஒரே தூரம் நடந்து வந்தவர்கள் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

ஆகவே கணக்கு வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கு எதுவரை போகும்? வகுப்பறை வாசல்வரை போகும். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது? 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிகளில் சமவாய்ப்புக்கென ஒரு பிரிவும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்று விதி செய்தது. நல்ல விதி. கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளில் எந்த வகுப்பார் எத்தனை பேர் சேர்ந்தனர், எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்று அழகாக அச்சிடுகிறார்கள். காஞ்சிபுரத்துப் பெண்ணும் அப்படியொரு பட்டியலில் ஓர் எண்ணாக இருப்பாள். அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிடத்துக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

ஆசிரியரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் கல்லூரி நாட்களில் விடுதியில் என் அறைக்கு ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். முதல் நாள் இரவே அவனிடம் ஊர் எது என்று கேட்டேன்; சொன்னான். "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டேன். பேச்சுக்குக் கேட்டதாகத்தான் அன்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் தெருவைக் கேட்பது எதைக் கேட்பது என்று நம் எல்லாருக்கும் தெரியும். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊருக்கு வெளியே" என்றான். மறுநாள் முதல் அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தான். போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு இடம் கொடுத்தது சட்டம். அந்த இடத்தில் அவனை நிம்மதியாக உட்கார விடாதவன் நான்.

வெளியே நிற்பவனுக்கு வாசலைத் திறப்பது நீதி. உள்ளே வந்தவன் தன் தெருவையும் தன் தகப்பன் தொழிலையும் மறைக்காமல் உட்கார முடிவது மரியாதை. நீதி இல்லாத மரியாதை வெறும் உபசாரம். வாசலுக்கு வெளியே நிற்கிறவனைப் பார்த்துப் புன்னகை செய்து என்ன பயன்? மரியாதை இல்லாத நீதியோ, சோற்றைப் போட்டுவிட்டு, யார் போட்டது என்று ஊருக்குச் சொல்வது போன்றது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். "மனம் மாறினால் போதும், சட்டம் எதற்கு?" என்கிறார் ஒருவர். "சட்டம் வந்துவிட்டது, இனி என்ன குறை?" என்கிறார் மற்றொருவர். அந்தப் பெண்ணின் பையில் மடங்கிக் கிடந்த படிவம் இருவருக்கும் விடை சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டால் அந்தப் படிவமே இல்லை. மனம் இல்லாததால் அது பையை விட்டு வெளியே வரவில்லை.

பெரிய காரியங்கள் எவையும் வேண்டியதில்லை. படிவங்களை அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கொடுக்கச் செய்யலாம். எழுந்து நிற்கச் சொல்லாமல் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம். பின்வரிசைச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொள்ளலாம். அறிக்கை எழுதுகிறவர்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்றும் ஒரு வரி எழுதலாம். பக்கத்தில் உட்கார்ந்த மாணவன், ஊரைக் கேட்ட பிறகு தெருவைக் கேட்காமல் இருக்கலாம்.

புறப்படும்போது என் மனைவி அந்தப் பெண்ணிடம், "அடுத்த வருஷமாவது படிவத்தைக் கொடுத்துவிடு, கண்ணு. அது உனக்கு உரிய பணம்" என்றாள்.

"கொடுக்கிறேன் அம்மா. எழுந்து நிற்கச் சொல்லாமல் இருந்தால் போதும்" என்றாள் அவள்.

வாசல்வரை வந்த நெசவாளரிடம், "இந்த வருஷத்துச் செலவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று தயங்கிக்கொண்டே கேட்டேன்.

"முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன், ஐயா. நாலு சேலையில் கழிந்துவிடும்."

தகப்பனார் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளை, தன் மகள் தறியில் உட்காரக் கூடாது என்று மறுபடியும் முன்பணம் வாங்கியிருக்கிறார். நாலு சேலை! ஒவ்வொன்றிலும் ஆயிரமாயிரம் இழைகள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சேர்ந்து கோக்க வேண்டும். ஒரு வகுப்பறையில் ஒரு நிமிடம், யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லாத ஒரு வார்த்தைக்கு அந்த வீடு கொடுக்கும் விலை அது. தெருமுனை திரும்பும்வரை தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.